மாமன் சீர் வராத பொங்கல்

வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஒரு கட்சி, தாய்மாமன் எதிர்க்கட்சி. இருபது ஆண்டுகளாக அப்படித்தான். முன்பெல்லாம் கிண்டலோடு போய்விடும். கடந்த தேர்தலில் வாக்கு எண்ணிக்கை முடிந்த இரவு, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய பேச்சு முற்றிப்போய், மாமன் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். இந்தப் பொங்கலுக்கு அம்மாவின் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. கரும்பும் மஞ்சள்கொத்தும் கடையில் வாங்கிப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். ஆவணியில் இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். "இது எங்கள் வீட்டுக் கோளாறா, காலத்தின் கோளாறா? கட்சிப் பகையைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சி செய்கிறார்களாமே, அதில் எங்களுக்கு உதவும்படி ஏதாவது இருக்கிறதா?" இதுதான் கேள்வி.

நான் கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு, அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தில் குறுவையும் சம்பாவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இரண்டு படிப்பும் வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் தற்செயலாகக் கல்யாணத்தைக் குறிப்பிட்டீர்கள். கட்சிப் பகையை ஆராயும் துறையே கல்யாணத்தை அளவுகோலாக வைத்துத்தான் பெரிதாக வளர்ந்தது. 1960-ல் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரர் ஒருவரை மணந்துகொண்டால் வருத்தப்படுவீர்களா? வருத்தப்படுவோம் என்றவர்கள் இரு கட்சியிலும் 100-க்கு நான்கைந்து பேர்தான். அதே மாதிரியான கேள்வியை 2010-ல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் வருத்தப்படுவோம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாந்தோ ஐயங்கார் இரு சகாக்களோடு 2012-ல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்களை முன்னால் வைத்தது. கொள்கையில் யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதைக் கொண்டு இந்த வெறுப்பை விளக்க முடியவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். வரி எவ்வளவு இருக்கலாம் என்பதில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற இருவர் ஒருவரையொருவர் அருவருக்க முடியும்.

மூன்று ஆண்டு கழித்து ஐயங்காரும் ஷான் வெஸ்ட்வுட் என்பவரும் இன்னொன்று செய்தார்கள். இரண்டு பள்ளி மாணவர்களின் குறிப்புகளைக் கொடுத்து, யாருக்கு உதவித்தொகை தரலாம் என்று கேட்டார்கள். மாணவர் எந்தக் கட்சி அமைப்பில் இருந்தார் என்பது குறிப்பில் ஓரிடத்தில் வரும். ஐந்தில் நான்கு பேர் தங்கள் கட்சிப் பிள்ளைக்கே கொடுத்தார்கள். எதிர்க்கட்சிப் பிள்ளை அதிக மதிப்பெண் வாங்கியிருந்தபோதும் பெரும்பாலோர் மாறவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நம் ஊரில் இது 1972 முதல் தெரிந்த கதை. 1949-ல் பிறந்த தி.மு.க.விலிருந்து 1972 அக்டோபரில் அ.தி.மு.க. பிரிந்தது. இரண்டின் கொடியும் கறுப்பு சிவப்பு. ஒன்றின் நடுவே அண்ணா நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தித் திணிப்பு, இடஒதுக்கீடு, மாநில உரிமை, காவிரி என்று எதைத் தொட்டாலும் இரு தரப்புத் தொண்டரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஒரே திண்ணையில் வளர்ந்த அண்ணன் தம்பி இருவர் பிளவுக்குப் பிறகு நடுவில் கீற்றுத் தடுப்பு வைத்துக்கொண்டார்கள். நான் சிறுவனாக அந்தத் தடுப்பின் ஓட்டை வழியாக இரு பக்கமும் வெல்லம் வாங்கித் தின்றிருக்கிறேன். கொள்கையின் தூரம் கீற்றின் கனம்கூட இல்லை.

இவ்வளவு எளிதாகப் பகை பிறக்குமா என்றால், இதைவிட எளிதாகவும் பிறக்கும். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி இரு குழுவாகப் பிரித்தார். மற்றவர்களில் யார் எந்தக் குழு என்று சிறுவர்களுக்குத் தெரியாது. பணம் பங்கிடச் சொன்னபோது, தன் குழுவுக்கு அதிகம் கிடைப்பதைக் காட்டிலும் மற்றக் குழுவைவிடக் கூடுதலாகக் கிடைப்பதையே பலர் விரும்பினார்கள். நமக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, அவனுக்கு இருபது குறையட்டும் என்கிற கணக்கு. இடைத்தேர்தல் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் எப்போதும் அடித்துக்கொள்வதில்லை? இங்கேதான் எனக்குப் பிடித்த விளக்கம் வருகிறது. லில்லியானா மேசன் என்கிற ஆய்வாளர் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது இது: முன்பு ஒருவருடைய மதம், இனம், ஊர், தொழில், கட்சி எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கட்சியில் எதிரியாக இருப்பவர் தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பார். பிறகு இந்த அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிட்டன. எதிர்க்கட்சிக்காரர் இப்போது வேறு மதம், வேறு இனம், வேறு ஊர். வெறுப்பைத் தடுத்து நிறுத்த ஒரு குறுக்குக் கட்டைகூட இல்லை.

வைக்கோல் புரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை ஒரு குழந்தை அறுத்துவிடும். நாலைந்து பிடியை முறுக்கிப் புரியாக்கினால் நெற்கட்டைத் தாங்கும். உங்கள் அப்பாவையும் மாமனையும் கட்டியிருந்த புரியில் அம்மா ஒரு பிடி. கட்சி அந்தப் புரியில் என்றுமே சேர்ந்ததில்லை. இருபது ஆண்டு அது வெளியே கிடந்தும் கட்டு நின்றது என்றால், வேறு பிடிகள் இருந்திருக்கின்றன. தேர்தல் இரவில் என்ன பேசினார்கள் என்பதை விட, அந்த மற்றப் பிடிகள் எப்போது உருவப்பட்டன என்று நான் கேட்பேன்.

எல்லோரும் கைபேசியைக் குற்றம் சொல்கிறார்கள். நான் ஆழ்துளைக் கிணற்றைச் சொல்வேன். இது ஆய்வு முடிவல்ல, என் கண்ணில் பட்டது. என் அப்பா காலத்தில் மேட்டூர் ஜூன் 12 திறக்குமா திறக்காதா என்ற கவலை முடிந்ததும், வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். குடிமராமத்து என்பது ஏட்டுச் சொல்லாக இல்லாமல் மண்வெட்டியாக இருந்த காலம். தண்ணீர் வந்த பிறகு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் முறை முடிந்து என் முறை தொடங்கும். நீங்கள் மடையை அடைத்துவிட்டுப் போனால்தான் எனக்குத் தண்ணீர். ஆகவே முந்தின நாள் மேடையில் உங்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாலும், இரவில் பேட்டரி விளக்கோடு வரப்பில் எதிரே வரும்போது "கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா?" என்று கேட்டே ஆக வேண்டும். இப்போது நன்னீர் கிடைக்கும் பகுதிகளில் ஆளுக்கொரு மோட்டார். அறுவடைக்கு வெளியூர் இயந்திரம், நடவுக்கு வெளியூர் ஆள். உங்கள் அப்பாவும் மாமனும் ஒரே வாய்க்கால் பாசனம் என்றால், கடைசியாக எப்போது வரப்பில் சந்தித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சந்திப்பதற்கு மிஞ்சிய ஒரே இடம் வாட்ஸ்அப் குழு என்றால், அது சந்திக்கக் கூடாத இடம்.

1954 கோடையில் முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமுக்கு 22 சிறுவர்களை அழைத்துப்போனார். எல்லோரும் பதினோரு வயதுக்காரர்கள். இரு குழுவாகத் தனித்தனியே தங்கவைத்து, பிறகு போட்டி வைத்தார். ஒரு வாரத்துக்குள் கொடியை எரித்தார்கள், குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தால் சரியாகிவிடும் என்று சாப்பிட வைத்தார்கள். சோற்றை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை ஆய்வாளர்களே நிறுத்திவிட்டு, பழுதாகிவிட்டது என்றார்கள். இரு குழுவும் சேர்ந்து தேடிப்போய் அடைப்பை எடுத்தார்கள். இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படி நாலைந்து வேலை ஆனபிறகுதான் பகை தணிந்தது.

பாடப்புத்தகங்கள் இத்தோடு முடித்துவிடும். அதற்கு முந்தின ஆண்டு, 1953-ல், ஷெரிஃப் இதையே வேறு முகாமில் முயன்று தோற்றதை அதிகம் சொல்வதில்லை. அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார். என்ன தூண்டிவிட்டும் அவர்கள் முழுமூச்சாகச் சண்டை போடவில்லை. பெரியவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். பழகிய பழக்கம் பிரிவினையைத் தாங்கிக்கொண்டது. எனக்கு இந்தத் தோல்விதான் பெரிய முடிவாகப் படுகிறது. உங்கள் மாமன் உங்கள் அப்பாவுக்குக் கட்சி எதிரியாவதற்கு முன்பே மைத்துனர்.

சேர்ந்து வேலை செய்வது என்பதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று கிடைத்திருக்கிறது. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் தொடர் நடத்தினார். 1,261 இளைஞர்கள், பல சாதியினர். யார் ஆடுவது, யார் எந்த அணி என்பதெல்லாம் குலுக்கல். சில அணிகளில் எல்லோரும் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. ஒரு மாதம் ஆடினார்கள். கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதியினருக்கு எதிராக ஆடியவர்களுக்கோ பல விஷயங்களில் தூரம் கூடியது. மைதானம் ஒன்று, பந்து ஒன்று, வெயிலும் ஒன்று. ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா என்பதில்தான் எல்லாம் இருந்தது. 2021-ல் இது வெளியானபோது எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டுக் குழுவிடம், மேலத்தெரு கீழத்தெரு என்று அணி பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்றேன். அப்படிப் பிரித்தால் யார் கைதட்டுவார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான்.

இதே வகையில் சல்மா மௌசா இராக்கில் கால்பந்து அணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. போரில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். அணிக்குள் உறவு நன்றாகவே வளர்ந்தது, ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் முன்பின் தெரியாத முஸ்லிம்கள் கூடும் உணவகத்துக்குப் போகிற அளவுக்கு அது விரியவில்லை. சேர்ந்து உழைத்தால் அந்த ஆளோடு பகை குறையும். அவர் கூட்டத்தோடு குறையும் என்பதற்கு உறுதியில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு மாமன் என்பதால் இது உங்களுக்குப் போதும்.

போன ஐப்பசியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். என் குவியலுக்கு இடப்பக்கம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர், அவருக்கு அடுத்து மற்றக் கட்சியின் கிளைச் செயலாளர். டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள். ஒருவர் இன்னொருவரைப் பற்றிப் பேசினால் "அவன்" என்றுதான் பேசுவார். விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று திரும்பியது, மண்வாசனை வந்தது. முதலாமவரிடம் பெரிய தார்ப்பாய், தன் குவியலுக்கு வேண்டியதைவிட ஒன்றரைப் பங்கு. இரண்டாமவரின் தார்ப்பாயை அன்று மாலைதான் மகன் டிராக்டரில் எடுத்துப் போயிருந்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலாமவர் தார்ப்பாயின் ஒரு முனையை உதறி வீசினார். மற்றவர் பிடித்துக்கொண்டார். நடுவில் நெல் தெரிந்த இடத்தில் இரு குவியலையும் மரப்பலகையால் தள்ளி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பிறகு எப்படிப் பிரிப்பார்கள் என்று எனக்கே பதைத்தது. முனைகளில் செங்கல், விளிம்பில் மண். ஒருவர் மண்வெட்டியால் சுற்றிலும் வடிகால் வெட்ட, மற்றவர் கைபேசி விளக்கைப் பிடித்தார். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. அந்த ஒரு மணி நேரமும் இருவரும் என் படுதாவின் ஓரத்தில் குந்தியிருந்தார்கள். கட்சி பேசவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் என்ன ஆகும், சாக்குக்கு 40 கிலோ என்றால் சேர்ந்த குவியலில் ஆளுக்கு எத்தனை சாக்கு என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் இரண்டு சாக்கு இடித்தது. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று இருவரும் சொல்லி, கடைசியில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

நண்பர்களாகிவிட்டார்களா? இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கியில் வழக்கம்போலவே வாரினார்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டீக்கடையில் ஒருவர் பேச்சில் மற்றவர் இப்போது "அவர்". நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன், இதுவரை இறங்கவில்லை. தமிழில் பகையை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி ஸ்டான்ஃபோர்டிலும் கிடையாது.

சரி, உட்கார வைத்துப் பேசினால் என்ன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். எதைப் பேசுவது என்பதைப் பொறுத்தது. எரிக் சான்டோரோவும் டேவிட் புரூக்மனும் அமெரிக்காவின் இரு கட்சிக்காரர்களை முன்பின் தெரியாத இணைகளாக்கி வீடியோ அழைப்பில் பேசவைத்தார்கள். சிலருக்கு, "உங்களுக்கு ஒரு நாள் எப்படி அமைந்தால் நிறைவாக இருக்கும்?" என்பது தலைப்பு. அவர்களிடம் வெறுப்பு நன்றாகவே குறைந்தது. வேறு சிலருக்கு, எந்தக் கட்சி ஏன் பிடிக்கும், ஏன் பிடிக்காது என்பது தலைப்பு. அங்கே பலன் இல்லை. முதல் வகையின் பலனும் மூன்று மாதத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. 2022-ல் வந்த ஆய்வு இது. ஆகவே அப்பாவையும் மாமனையும் எதிரெதிரே உட்காரவைத்து, "அன்று இரவு யார் முதலில் சொன்னது" என்று பஞ்சாயத்து வைத்தீர்களானால், இருக்கிற கல்யாணத்துக்கும் ஆள் குறையும்.

எதிர்த்தரப்புச் செய்தியைப் படித்தால் மனம் விரியும் என்ற நம்பிக்கையும் அவ்வளவாகத் தேறவில்லை. கிறிஸ் பெய்ல் குழுவினர் ட்விட்டரில் ஒரு மாதம் எதிர்த்தரப்புப் பதிவுகளைத் தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்னைவிட இறுகித்தான் போனார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மாமனுக்கு உங்கள் அப்பாவின் கட்சிப் பத்திரிகையை அனுப்பிவைக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள்.

கைபேசியை முழுக்க விட்டுவிட்டால்? 2018 தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை அணைத்துவைத்த அமெரிக்கர்களின் கருத்துகள் சற்று நடுப்பக்கம் நகர்ந்தன. எதிர்க்கட்சிக்காரர்மீதான வெறுப்பில் உறுதியாகச் சொல்லும்படி குறைவு தெரியவில்லை. 2020 தேர்தலின்போது பயனாளர்களுக்குப் பதிவுகள் வரும் வரிசையை மூன்று மாதம் மாற்றிப் பார்த்தார்கள்; அதிலும் இரு தரப்பும் விலகி நிற்கிற தூரம் அசையவில்லை. நம் வாட்ஸ்அப் குடும்பக் குழு வேறு ஜாதி, அதற்கு இவற்றை அப்படியே பொருத்த மாட்டேன். என்றாலும் கைபேசி மட்டுமே காரணம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

எதிராளியைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் எவ்வளவு கோணலானது என்பதைப் பற்றியும் ஒரு வேடிக்கையான ஆய்வு இருக்கிறது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூத் இருவரும் 2018-ல் வெளியிட்டது. குடியரசுக் கட்சியினரில் எத்தனை பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்று ஜனநாயகக் கட்சியினரைக் கேட்டால், 44 சதவீதம் என்றார்கள். உண்மையில் 2 சதவீதம். மறுபக்கமும் இப்படியே பிசகினார்கள். உண்மை எண்ணைச் சொன்னபோது வெறுப்பு கொஞ்சம் இறங்கியது. நம் ஊரில் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்கள் அத்தனை பேரும் பணத்துக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் போனவர்கள், நம் கூட்டத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் உணர்வால் வந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வேன்காரர்தான் ஆள் ஏற்றினார் என்பது வேன்காரருக்கு மட்டும் தெரியும்.

எல்லா வழிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த பெரிய முயற்சி ஒன்று 2024-ல் வெளியானது. உலகெங்கும் ஆய்வாளர்களிடமும் களப்பணியாளர்களிடமும் யோசனை கேட்டார்கள், 252 வந்தன. அவற்றில் 25-ஐத் தேர்ந்து 32,059 அமெரிக்கர்களிடம் சோதித்தார்கள். சில நிமிடங்களில் பார்க்கும் படம், படிக்கும் குறிப்பு போன்றவைதான். 25-ல் 23 வெறுப்பைக் குறைத்தன. வேறு கட்சியில் இருக்கும் சாதாரண, பழகத்தக்க மனிதரைக் காட்டியவை அதிகம் வேலை செய்தன. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பலனில் ஒரு பகுதி கரைந்திருந்தது. இன்னொரு குத்தலும் அதில் உண்டு. வெறுப்பு குறைந்தவர்கள் ஜனநாயகத்தைக் கூடுதலாக மதிப்பவர்களாக மாறிவிடுவதில்லை. எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்துப்போன பிறகும், தன் கட்சி தில்லுமுல்லு செய்தால் கண்டுகொள்ளாமல் இருக்கிறவர் இருக்கத்தான் செய்கிறார்.

பகையைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லாததற்கு இன்னொரு காரணம், நான் கீழத்தஞ்சைக்காரன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும்தான் பின்னணி. அந்தச் சங்கம் வருவதற்கு முன்னால் ஊரில் "ஒற்றுமை" இருந்தது என்று சொன்ன மிராசுதார்களை என் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கைகட்டி நிற்பவர் வாய் திறக்காத ஒற்றுமை அது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார்: பழக்கம் வெறுப்பைக் குறைக்க வேண்டுமானால் இரு தரப்பும் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும், இலக்கு பொதுவாக இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். அந்த முதல் நிபந்தனை இல்லாத இடத்தில் சண்டையைக் குறை என்பது, தலைமடைக்காரர் கடைமடைக்காரரிடம் பொறுமையாக இரு என்பது மாதிரி. தண்ணீர் வராதவர் சத்தம்தான் போட வேண்டும். உங்கள் வீட்டுச் சங்கதி அந்த வகை இல்லை. அப்பாவும் மாமனும் ஏறக்குறைய ஒரே அளவு நிலம், ஒரே அளவு வீம்பு என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

சம நிலைச் சந்திப்புக்கு டெல்டாவிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை என் வயதினர் மறக்க முடியாது. 2002-ல் மறுபடி கொதித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முன்னெடுத்து, இரு மாநில விவசாயிகளும் உட்காரும் "காவிரி குடும்பம்" உருவானது. இங்கிருந்து மன்னார்குடி ரங்கநாதன், அங்கிருந்து புட்டண்ணய்யா போன்ற விவசாயத் தலைவர்கள் அதில் இருந்தார்கள். நம்மவர்கள் அங்கே போய் அவர்களின் வயல்களைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து வெடித்துக் கிடந்த நம் வயல்களைப் பார்த்தார்கள். பங்கீட்டை அது தீர்க்கவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம்தான் 177.25 டி.எம்.சி. என்று எழுதியது. என்றாலும் கன்னட விவசாயி என்றதும் கல்லெறிகிறவர் முகம் மட்டுமே நினைவுக்கு வந்த காலத்தில், ராகிக் களி போட்ட ஒருவர் முகமும் சிலருக்கு நினைவில் சேர்ந்தது.

இனி உங்கள் கல்யாணம்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தாம்பூலத் தட்டோடு அப்பாவும் அம்மாவும் நேரில் போக வேண்டும். அப்பா அங்கே மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தட்டை இரண்டு கையாலும் கொடுத்தால் போதும். மாமனை விருந்தாளியாக அழைக்காதீர்கள், உரிமைக்காரராக அழையுங்கள். ஆல்போர்ட் சொன்ன சம நிலை நம் முறையிலேயே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

பத்திரிகையில் எந்தக் கட்சித் தலைவர் படமும் வேண்டாம், மண்டப வாசலில் ஃபிளெக்ஸும் வேண்டாம். இரண்டு பேரையும் சரிக்குச் சரியாகப் போடலாமே என்று அண்ணன் யாராவது சொல்வார். எந்தப் படம் பெரியது என்பதில் அடுத்த சண்டை தொடங்கும்.

இருவருக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுங்கள். மேற்பார்வை மாதிரி மரியாதை வேலை ஆகாது. தோற்றால் இருவர் தலையும் உருளும் வேலையாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஒரே வண்டியில் அனுப்புவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். சமையல்காரர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒருவர் கையில், பணம் மற்றவர் கையில். முருங்கைக்காய் விலையைக் கேட்டு இருவரும் ஒரே ஆள்மேல் கோபப்படுவார்கள். ஷெரிஃப் லாரியில் கட்டிய கயிறு இதுதான்.

அம்மாவை நடுவராக்காதீர்கள். இரு பக்கமும் சொல்லியனுப்பி அவர் ஏற்கெனவே களைத்திருப்பார். மாமியும் அம்மாவும் இன்னும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள் என்றால், அறாத பிடி அது. அதன்மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

பழைய வாட்ஸ்அப் குழுவில் மாமனை மறுபடி சேர்க்காதீர்கள். கல்யாண வேலைக்கென்று வேறு குழு, பந்தல், சமையல், வேன் நேரம் மட்டும்.

பலன் கரைந்துவிடும் என்று மேலே சொன்னேனே, அதற்கு அமெரிக்கர்களிடம் இன்னும் நல்ல விடை இல்லை. நம்மிடம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஐப்பசியில் தலை தீபாவளி, தையில் தலைப் பொங்கல், பிறகு இறைவன் அருளால் வளைகாப்பு. ஒவ்வொன்றிலும் மாமனுக்கு ஒரு சீர், ஒரு வேலை. கரைவதற்குள் அடுத்தது வந்துவிடும். நடுவில் எந்தத் தேர்தல் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் தேர்தல் என்றால் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவியோ வேறொன்றோ. அதற்குத் தனியாகப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது இருவரில் ஒருவரே நிற்பதாக இருந்தால்தான்.

மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் மாமனுக்கும் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கும்போது, இருவருக்கும் ஒரே மயில்கண் கரையாக எடுத்துவிடுங்கள். கடைக்காரர் வழக்கமாக எடுத்துப்போடும் கரை எதுவென்று பார்த்து, அதை முதலிலேயே உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.